சீதனமாய்ப் போன உருப்படி

பிப்ரவரி 14, 1956, செவ்வாய். அம்ரோஹா

காலையில் பட்டாணி வைத்த கச்சோரி. என் மனைவி பில்கீஸ் உப்புப் போட மறந்துவிட்டாள். இரண்டைத் தின்றுவிட்டு எழுந்தேன். "என்ன, நாக்கு செத்துப் போச்சா? உப்பில்லேன்னு சொல்லக்கூடத் தோணலியா?" என்றாள். தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இதைச் சொல்வது நான். எழுதுவது முன்ஷி தேவகிநந்தன், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். எனக்கு எழுத்து தெரியாது. எழுபத்தொரு வயது வரை தேவைப்படவும் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு பாம்பு மாதிரி வரைவேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எதையும் காகிதத்தில் ஏற்றக் கூடாது என்று தாத்தா விதி போட்டிருந்தார். ஏற்றியதைத் திருடலாம், தலைக்குள் இருப்பதைத் திருட முடியாது. நூற்று எண்பத்திரண்டு பாட்டு உருப்படிகள் தலைக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்த நாளில், என்ன மழையில், யார் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது என்பதோடு இருக்கின்றன.

எழுதும் யோசனை முன்ஷியுடையது. "உமக்கு மறக்கத் தெரியல மியான், அதான் உம்ம வியாதி. சொல்லும், நான் எழுதறேன். காகிதத்துல இறங்கிட்டா தலையில பாரம் குறையும். என்கிட்ட மனு எழுதினவன் எல்லாம் அப்படித்தான் நிம்மதியாப் போறான். அப்புறம் கேஸ் தோத்தாலும் சரி."

அவரை நம்பலாம். இந்த ஊரின் பாதிக் குடும்பச் சண்டை அவர் பேனா வழியாகப் போயிருக்கிறது, ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை. அதைவிட முக்கியம், அவருக்குச் சங்கீதம் ஏறாது. என் பாட்டும் கிணற்று ராட்டினமும் அவருக்கு ஒன்று. "ஒண்ணு இல்ல, ராட்டினம் கத்தினா தண்ணியாவது வரும்" என்கிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

நோட்டு அவரிடமே இருக்கும்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இன்று போதும்.

பிப்ரவரி 15, புதன்

வாய் வரவில்லை. முன்ஷி ஒரு மணி நேரம் ஹூக்கா குடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 16, வியாழன்

சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை தில்லியில் ரேடியோவுக்காகப் பாடினேன். நாடாவில் பதிந்துகொண்டார்கள். அந்த அறையின் சுவரெல்லாம் துணி. நம் குரல் நமக்குத் திரும்பி வராது, பாடப் பாடச் சுவர் விழுங்கிக்கொண்டே இருக்கும். பகல் ஒலிபரப்பு என்பதால் கௌட் சாரங் ராகம் கேட்டிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் அதே ராகம், நடுவில் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சாரங்கிக்கு லட்டன் மியான்.

இந்த ராகத்தில் என் தாத்தா இரண்டு உருப்படிகளை ஜோடியாகக் கட்டினார். மெதுவானதில் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படகுத் துறையில் காத்திருக்கிறாள். துரிதமானதில் படகு வந்துவிடுகிறது. முதலாவது முடிகிற சுரத்தில் இரண்டாவது தொடங்கும். எட்டு வயதிலிருந்து என் வாய் அப்படித்தான் பழகியது. ஒன்றைப் பாடிவிட்டு மற்றதைப் பாடாமல் இருப்பது படியேறிவிட்டு மாடியில் கால் வைக்காமல் நிற்கிற மாதிரி.

அந்தத் துரித உருப்படி என்னுடையது இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லை.

1937இல் என் மகள் அன்வரியைப் பரேலியில் வஜாஹத் கானின் மகன் ஸாபிருக்குக் கொடுத்தேன். அவர்களும் பாடுகிற குடும்பம். எங்களுக்குள் பெண்ணோடு உருப்படியைச் சீதனமாகக் கொடுப்பது உண்டு. கொடுத்தால் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு பெண் வீட்டார் அதைச் சபையில் பாடக் கூடாது, யாருக்கும் சொல்லித் தரக் கூடாது, குளிக்கும்போது முணுமுணுக்கவும் கூடாது. வஜாஹத் கான் கௌட் சாரங் ஜோடியைக் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. துரிதமானது உங்களுக்கு, மெதுவானது எனக்கு என்று பேரம் பேசினேன். ஜோடியை யாரும் பிரிப்பதில்லை. நான் பிரித்தேன். அதில் ஒரு சாமர்த்தியம் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

குர்ஆன் மேல் கை வைத்து, கடைசியாக ஒரு முறை பாடி, சபையில் கொடுத்தேன். வஜாஹத் கான் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கான் சாஹிப், இது இனிமே உங்க வீட்டு வாயில கேட்டுச்சுன்னா, பொண்ணையும் கூடவே அனுப்பி வெச்சிடுவேன். ரெண்டும் ஒரே பல்லக்குல வந்தது, ஒரே பல்லக்குல போகட்டும்." சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு கௌட் சாரங் பாடினால், மெதுவானது முடியும்போதே வேறு ராகத்துக்குத் தாவிவிடுவேன். பத்தொன்பது வருஷம் அப்படித் தாவினேன். போன சனிக்கிழமை தாவ இடமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஐந்து விரலைக் காட்டினார், இன்னும் ஐந்து நிமிடம் என்று. கண்ணை மூடினேன். வாய் திறந்தது.

இரண்டு ஆவர்த்தனம் ஓடிய பிறகுதான் எதைப் பாடுகிறேன் என்று தெரிந்தது. லட்டன் மியானின் வில் ஒரு நொடி நின்றது, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள் — அதனாலா நிறுத்தவில்லை? இல்லை. உண்மையைச் சொல்லிவிடு கிழவா. வாயில் இனித்தது. பத்தொன்பது வருஷப் பசி.

மார்ச் 11, ஞாயிறு, பகல் ஒரு மணிக்கு அது ரேடியோவில் வருகிறது. வஜாஹத் கான் வீட்டில் ரேடியோ இருக்கிறது.

பிப்ரவரி 18, சனி

லட்டன் மியான் வீட்டுக்குப் போனேன். வெயிலில் உட்கார்ந்து சாரங்கிக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றேன்.

"நான் சாரங்கிக்காரன் கான் சாஹிப். பாடறவர் எங்க போறாரோ அங்க பின்னாலயே போறதுதான் என் பொழப்பு. நீங்க கெணத்துல குதிச்சீங்க, நானும் குதிச்சேன். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டியே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் ரேடியோ சொல்லப் போகுதே."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது டோலக் செய்கிறவர்கள் தெருவில் ஒருவன் மாமரக் கட்டையைக் குடைந்துகொண்டே எதையோ முனகினான். நின்று கேட்டேன். அது இல்லை. ஏதோ சினிமாப் பாட்டு. ஆனாலும் அந்தத் தெரு முடியும் வரை காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

பிப்ரவரி 22, புதன்

அன்வரியிடமிருந்து அவள் அம்மாவுக்குக் கடிதம். பில்கீஸுக்கும் படிக்க வராது, முன்ஷிதான் படித்தார். படித்ததை அப்படியே இங்கே எழுதச் சொல்கிறேன்.

"அம்மா, அப்பா பாடப் போறது இங்க தெருவுக்கே தெரியும். மாமா மொட்டை மாடியில புதுசா கம்பி கட்ட வெச்சிருக்கார், ரேடியோ இரைச்சல் இல்லாம கேக்கணுமாம். அன்னிக்கு சிஷ்யர்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கார். எனக்குப் பெருமையா இருக்கு. பீலிபீத்லேர்ந்து மாமாவோட தங்கச்சி வீட்டார் மறுபடி வந்துட்டுப் போனாங்க. அவங்க பொண்ணு நல்லா சமைக்கிறாளாம், பொறுமைசாலியாம். மாமா என் முன்னாடியே சொன்னார். உன் மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல, சாப்பிட்டுட்டு இருந்தார். நீ கவலைப்படாதே."

அன்வரிக்கு ஒரே பெண் குழந்தை. அதற்குப் பிறகு இல்லை. ஆண் வாரிசு வேண்டும் என்று வஜாஹத் கான் மூன்று வருஷமாக ஸாபிருக்கு இரண்டாவது பெண் பார்க்கிறார். ஒரு காரணத்துக்காகத்தான் காத்திருக்கிறார். அந்தக் காரணத்தை நாடாவில் பதிந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பில்கீஸ் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவ பெருமைப்படறா, கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

விடிகாலை சுபுஹு தொழுகையில் நெற்றி தரையில் இருக்கிறது. உள்ளே அந்தத் துரித உருப்படியின் எடுப்பு ஓடுகிறது. ஒன்பதாவது அடியில் தொடங்கி, தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுகிறது. எத்தனையாவது ரக்அத்தில் இருக்கிறேன் என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து தொழுதேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை தொழவில்லை. பயமாக இருந்தது.

மார்ச் 2, வெள்ளி

நேற்று தில்லி போய்வந்தேன். மருந்து வாங்க என்று பில்கீஸிடம் சொன்னேன்.

அந்த அதிகாரி சின்னப் பையன் இல்லை, நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர், எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"அந்தப் பதிவு வேணாம் சாஹிப். மறுபடி பாடித் தரேன். இன்னிக்கே பாடறேன், ஒரு பைசா வேணாம்" என்றேன்.

"ஏன் கான் சாஹிப்? அருமையா வந்திருக்கு. நானே மூணு தடவை போட்டுக் கேட்டேன். கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கே, அடடா."

"கடைசி அஞ்சு நிமிஷம்தான் சரியில்ல."

"உங்களுக்கு அப்படித்தான் தோணும். பெரிய ஆளுங்க எல்லாருக்கும் தங்களோட பாட்டு பிடிக்காது." சிரித்தார். "நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சு. மாத்தணும்னா காரணத்தோட எழுத்து மூலமா ஒரு விண்ணப்பம் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்பறேன். என்ன காரணம்னு போடறது?"

என்ன காரணம் என்று போடுவது? காரணத்தைச் சொன்னால் நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. அந்தக் காகிதம் எத்தனை மேஜையில் படுக்கும், எத்தனை பேர் படிப்பார்கள். எல்லா ஆபீசிலும் எங்கள் குடும்பங்களில் யாராவது ஒருவருக்குத் தெரிந்தவன் இருக்கிறான்.

"ஒண்ணுமில்ல. வயசானவன் சந்தேகம்" என்றேன்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். கையைப் பிடித்து, "அந்தத் துரித உருப்படியை யாரும் பாடிக் கேட்டதே இல்லையே, உங்க வீட்டுச் சொத்தா?" என்று கேட்டார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆம் என்றா, இல்லை என்றா — எனக்கே தெரியவில்லை.

மார்ச் 5, திங்கள்

பில்கீஸுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். சொல்ல வைத்தாள்.

"தில்லிலேர்ந்து வந்தன்னிக்கே தெரியும், என்னமோ நடந்திருக்குன்னு. தம்பூராவுக்கு உறையைப் போட்டு மூலையில சாத்தினீங்க. இந்த வீட்டுக்கு நான் வந்ததுலேர்ந்து அது உறைக்குள்ள போனது உங்க அண்ணன் மவுத்தான அன்னிக்கு மட்டும்தான். மருந்து வாங்கப் போனீங்களே, எங்க மருந்து?"

எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நல்லா வந்துச்சா?" என்றாள்.

"வந்தது."

"அப்போ தப்பிக்க வழியில்ல. சுமாரா பாடியிருந்தா வேற ஏதோன்னு சாதிச்சிருக்கலாம்."

பிற்பகல் மாடியில் ஒரு மெத்தையையும் சின்னதாக ஒரு தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். "அவ கொழந்தையோட வந்தா படுக்க வேணாமா?" என்றாள்.

தட்டுகிற சத்தம் மாலை அஸர் தொழுகை வரை கேட்டது. என்னால தாங்க முடியல முன்ஷிஜி. அவ அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல.

மார்ச் 7, புதன்

முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமையே பரேலி போவேன். ரேடியோ சொல்வதற்கு முன் என் வாயால் சொல்லிவிடுவேன். காலில் விழச் சொன்னால் விழுவேன். வஜாஹத் கான் என்னைவிட மூன்று வயது இளையவர். இருக்கட்டும்.

முன்ஷி கேட்கிறார், "இவ்வளவு பயந்த ஆளு, பாடறப்போ பயமில்லாம எப்படிப் பாடினீர்?" பாடும்போது நான் இருப்பதில்லை என்றேன். புரியாமல் எழுதிக்கொள்கிறார்.

மார்ச் 9, வெள்ளி

நாளைக் காலை ரயில். பில்கீஸ் பேத்திக்குக் கேரட் அல்வா கட்டித் தந்திருக்கிறாள். அன்வரியிடம் சொல்ல ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மார்ச் 24, சனி

நேற்று மாலைதான் திரும்பினேன். முன்ஷி இல்லாத பதினான்கு நாட்கள். பரவாயில்லை, தேதியோடு தலையில் இருக்கின்றன.

பத்தாம் தேதி. வஜாஹத் கான் ஸ்டேஷனுக்கே வந்து கட்டிப்பிடித்தார். "நாளைக்கு உங்க பாட்டை உங்க பக்கத்துலயே உக்காந்து கேக்கப்போறேன்" என்றார். அன்று அவரிடம் மூன்று முறை சொல்லப் போனேன். மூன்று முறையும் யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள்.

அது பொய். அடித்துவிடும் முன்ஷிஜி. வேண்டாம், இருக்கட்டும். யாரும் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் முற்றத்தில் இருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றாம் தேதி. கூடம் முழுக்க ஆட்கள், சிஷ்யர்கள் மட்டுமே இருபது பேர் இருப்பார்கள். ரேடியோவைப் பின்னல் துணி விரித்த மேஜை மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் திரைச்சீலை, அதற்குப் பின்னால் பெண்கள். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் வஜாஹத் கான், இன்னொரு பக்கம் ஸாபிர்.

கிஃபாயத் கான், அம்ரோஹா என்று என் பெயரைச் சொன்னார்கள். மெதுவானது தொடங்கியது. ஆஹா, வாஹ் என்று ஒவ்வொரு சமத்திலும் சொன்னார்கள். ஸாபிர் என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தப் பெட்டிக்குள் இருக்கிறவன் என்ன செய்யப் போகிறான் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரியும். எழுந்து ஓடிப் போய் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு அது வந்தது.

யாரும் வாஹ் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அன்வரியாகத்தான் இருக்கும். தொட்டிலில் கேட்ட உருப்படி அவளுக்கு. ஸாபிர் தன் அப்பாவைப் பார்த்தான். வஜாஹத் கான் ரேடியோவை மட்டும் பார்த்தார். அவர் கை தொடையில் தாளம் போடுவதை நிறுத்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. நிறுத்தியிருந்தால் கோபம் என்று தெரிந்திருக்கும்.

மூத்த சிஷ்யன் ஒருவன் பொறுக்க முடியாமல், "உஸ்தாத், இது நம்ம—" என்று ஆரம்பித்தான்.

"நம்மது இல்ல" என்றார் வஜாஹத் கான். "நம்மகிட்ட இருக்கறது வேற. இது கான் சாஹிப் வீட்டுப் பழைய சரக்கு. சாயல் இருக்கு, அவ்வளவுதான். பெரியவங்க பாடறப்போ வாயை மூடிட்டுக் கேக்கத் தெரியாதா உனக்கு?"

கடைசிச் சமத்தில் அவரே முதலில் வாஹ் என்றார். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கிணற்றடியில் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் பேசினார்.

"ஊரே கேட்டுடுச்சு கான் சாஹிப். நான் அதை என்னுதுன்னு சொன்னா, என் வீட்டுப் பொருளை நீங்க சந்தையில வித்துட்டீங்க, நான் பாத்துட்டு நின்னேன்னு ஆகும். உங்களைத் திட்டினா என் தாடியில நானே துப்பிக்கிற மாதிரி. அதான் என்னுது இல்லேன்னுட்டேன். சபையில சொன்னது சொன்னதுதான். இனிமே ஸாபிர் அதைப் பாட முடியாது. நீங்களும் பாடக் கூடாது. ரெண்டு வீட்டுக்கும் அது இல்ல."

"சரி" என்றேன்.

"எனக்குச் சேர வேண்டியது போயிடுச்சே. அதுக்கு என்ன?"

"என்ன வேணும்னாலும்."

"மெதுவானது வேணும்."

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார். என் கை நீட்டியபடியே இருந்தது.

"அன்னிக்கு ஜோடியாக் கேட்டேன், பாதியைக் கொடுத்தீங்க. பின்பகுதி அந்தரா வரைக்கும் முழுசா வேணும். ஒரு சுரத்தை உள்ள பிடிச்சு வெச்சுக்கிட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

"என் பொண்ணு?" என்றேன்.

"உங்க பொண்ணா? அவ என் மருமக. பீலிபீத்துக்கு இன்னிக்கே ஆள் அனுப்பறேன், அந்தப் பேச்சு இனி இல்லேன்னு. நீங்க எப்போ ஆரம்பிக்கறீங்க?"

மறுநாள் காலையே ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபத்திரண்டாம் தேதி வரை. ஸாபிருக்கு நல்ல குரல், ஆனால் பொறுமை குறைவு. வஜாஹத் கான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒளித்து வைக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. அந்தராவில் ஒரு திருப்பம் இருக்கிறது, தாத்தா அதற்காகவே அந்த உருப்படியைக் கட்டினாரோ என்று தோன்றுகிற இடம். அதைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்போது திரைக்குப் பின்னால் அன்வரி யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. முழுதாகச் சொல்லிக் கொடுத்தேன். அவன் சரியாகப் பிடிக்கும் வரை சொல்லிக் கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் தேதி அதே குர்ஆன் மேல் கை வைத்தேன். கடைசியாக ஒரு முறை பாடினேன். கூடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

கிளம்பும்போது அன்வரி அல்வா டப்பாவைக் கழுவித் தந்தாள். "அப்பா, எளைச்சிட்டீங்க" என்றாள். 

மார்ச் 28, புதன்

ஹோலி முடிந்து முன்ஷி வந்திருக்கிறார். காதுக்குப் பின்னால் பச்சை போகவில்லை.

"என்ன மியான், பாரம் குறைஞ்சுதா?" என்கிறார்.

குறையவில்லை. இன்று காலை தம்பூராவை எடுத்துச் சுருதி சேர்த்தேன். பத்து நிமிடம் பைரவ் ராகம் பாடியிருப்பேன். கை தம்பூராவில் இருக்கும்போதே வாய் பைரவை விட்டுவிட்டு அந்த மெதுவானதை எடுத்தது. படகுத் துறை, கூடை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது.

முன்பு ஒரு பள்ளம், அது எங்கே இருக்கிறது என்று தெரியும், தாண்டிப் போய்விடுவேன். இப்போது தரை முழுக்கப் பள்ளமாகத் தெரிகிறது. பத்தொன்பது வருஷம் காவல் காத்த வாய் ஒரு நாள் கண்ணை மூடியதும் ஓடிவிட்டது. இந்த வாயை எப்படி நம்புவது? அடுத்த முறையும் தன்னுடையது இல்லை என்று எனக்காகப் பொய் சொல்ல வஜாஹத் கானிடம் என்ன மிச்சம் இருக்கும்?

பில்கீஸ் மெத்தையை மாடியிலிருந்து கொண்டுவந்து சுருட்டி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, திங்கள்

சாரங் வகை எதையும் பாடுவதில்லை.

ஏப்ரல் 5, வியாழன்

பகல் ராகம் எதையும் பாடுவதில்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

ரேடியோக்காரர்களிடமிருந்து கடிதம். நேயர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களாம். ஜூன் மாதம் மறுபடி வர வேண்டும், அதே கௌட் சாரங், அதே இரண்டு உருப்படிகள், இம்முறை ஐம்பது நிமிடம்.

முன்ஷி படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பதில் எழுதட்டும்?"

"தொண்டை சரியில்லேன்னு எழுதும்."

"ஜூனுக்குள்ள சரியாயிடும்னு போடட்டுமா?"

"வேண்டாம்."

"இந்தத் தடவை மட்டும் முடியாதுன்னா, இல்ல எப்பவுமேவா?"

பில்கீஸ் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் என்று எழுதச் சொன்னேன். கீழே என் பாம்பை வரைந்தேன்.

லட்டன் மியானுக்கு வேறு பாடகரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவரே வந்துவிட்டார். "நீங்க கெணத்துல குதிச்சப்போ கூடவே குதிச்சேனே கான் சாஹிப். இப்போ கரையில உக்காந்துட்டா நான் எங்க போறது?" என்றார்.  அவருக்குத் தேநீர் கொடுத்தோம்.

ஏப்ரல் 13, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. நாள் முழுக்க வாய் மூடியிருக்க ஒரு காரணம் கிடைத்தது.

மே 12, சனி

பெருநாள். சேமியாவில் பால் கூடுதலாக விட்டிருந்தாள் பில்கீஸ். நன்றாக இருந்தது, சொன்னேன்.

மே 14, திங்கள்

அன்வரி குழந்தையோடு வந்திருக்கிறாள். ஸாபிரே கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டான். பத்து நாள் இருக்கப் போகிறாள். ஸ்டேஷனில் இறங்கியதும் என் காலைப் பார்த்து, "இந்தச் செருப்பையா இன்னும் போட்டுட்டு அலையறீங்க?" என்று ஆரம்பித்தாள். வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள். மாமனார் இப்போதெல்லாம் முதலில் அவளுக்குத்தான் தேநீர் வந்ததா என்று கேட்கிறாராம். பீலிபீத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதாம்.

பில்கீஸ் சமையலறையில் சத்தமாகச் சிரித்தாள். இந்த வருஷத்தில் முதல் முறை.

மே 15, செவ்வாய்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அன்வரி முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள் என நினைத்தேன். இல்லை.

"அப்பா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அவர் இப்போ தினமும் அந்த மெதுவானதைத்தான் பாடறார். வீடே நெறைஞ்சு போயிருக்கு. ஆனா அந்தராவுல அந்தத் திருப்பம் வர்ற எடத்துல மேல ஏறிடறார். நீங்க கொடுத்தப்போ சரியாத்தான் பாடினார், அப்புறம் எப்படியோ மாறிடுச்சு. மாமாவுக்கும் கொழம்பிடுச்சு. ரெண்டு பேரும் தினம் சண்டை. எனக்கு நீங்க கீழ எறங்கற மாதிரி ஞாபகம். ஆனா நான் சொன்னா எடுபடுமா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல முனகிக் காட்டினாள். முதலில் ஏறிக் காட்டினாள், பிறகு இறங்கிக் காட்டினாள். அவள் வாயிலிருந்து ஒரு சுரம் வந்து நான் கேட்டு இருபது வருஷம் ஆகிறது.

"எதுப்பா சரி?"

எட்டு வயதில், நாவல் பழம் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் தாத்தா அந்த இடத்தை எனக்கு அறுபது முறை சொல்லிக் கொடுத்தார். வாய்க்குள் நாக்கு அசைந்தது. கொடுத்தால் கொடுத்ததுதான், முணுமுணுக்கவும் கூடாது. உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"ஞாபகம் இல்லைம்மா" என்றேன்.

"உங்களுக்கா?"

"வயசாச்சு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தை எடுத்துக் கல்லைப் பொறுக்கத் தொடங்கினாள். சமையலறையில் பில்கீஸ் பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது.

முன்ஷி இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஏறணுமா எறங்கணுமான்னு இங்கயாவது போட்டு வெச்சிடட்டுமா மியான்? சங்கீதத்துக்கு நான் செவிடு, நோட்டு என் பெட்டியில இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

பேனாவை மூடச் சொன்னேன்.